இறகுப்பந்தும் மூன்று தமிழ் மங்கையரும்



காஞ்சிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று கள்ளக்குறிச்சி வழி. உளுந்தூர்ப்பேட்டையில் மேற்கே திரும்பினால் கரும்பு வயல்களும் மரவள்ளித் தோட்டங்களும் கண்ணில் படும். கள்ளக்குறிச்சியை நெருங்க நெருங்க, வலப்பக்கத்தில் கல்வராயன் மலைத்தொடர் நீலக் கோடாக எழுந்து, சின்னசேலம் வரையில் நம்முடன் வரும். அந்தச் சாலையின் இரு முனைகளிலும் உள்ள ஊர்கள் இரண்டும் ஒரு பெண்ணின் வாழ்வில் சேர்ந்திருக்கின்றன. காஞ்சிபுரம் அவருடைய ஊர். நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி அவர் பயின்ற இடம். அவர் பெயர் துளசிமதி முருகேசன். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், பாரிஸ் நகரில் நடந்த பாராலிம்பிக் விளையாட்டு விழாவில், இறகுப்பந்து மகளிர் ஒற்றையர் ஆட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே நாளில், அதே அரங்கில், திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ் வெண்கலம் பெற்றார். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவனும் மற்றொரு பிரிவில் வெண்கலம் பெற்றார். அந்த விழாவில் இறகுப்பந்தில் இந்தியா பெற்ற பதக்கங்கள் ஐந்து. அவற்றுள் மூன்று தமிழ்நாட்டுப் பெண்களுடையவை.

இம்மூவரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஆனால் பதக்கங்களை எண்ணிவிட்டுப் போவது வரலாறு ஆகாது. இவர்கள் ஆடிய களம் எப்பொழுது உண்டாயிற்று, அதை யார் உண்டாக்கினர், அது இல்லாத காலத்தில் இவர்களைப் போன்றவர்கள் எங்கே இருந்தனர் என்பவற்றைக் கேட்டால்தான் வரலாறு தொடங்கும்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். நம் பள்ளித் திடல்களில் நெடுங்காலமாக ஆடப்படுவது பூப்பந்து. மஞ்சள் நிறக் கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐவர், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள திறந்த வெளிக் களம். தஞ்சை அரச குடும்பத்தார் இதை விரும்பி ஆடினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இறகுப்பந்து இதற்கு உறவுமுறை ஆட்டமே எனினும் குணத்தில் வேறு. அந்தப் பந்தின் எடை ஐந்து கிராம் அளவே. ஒரு தக்கையில் பதினாறு இறகுகள். ஆடிக் காற்று கல்வராயன் மலையடிவாரத்தில் வீசும் நாட்களில் அதைத் திறந்த திடலில் அடித்துப் பாருங்கள். அடித்தவர் ஒரு திசையை எண்ண, பந்து வேறொரு திசையில் விழும். ஆதலின் அதற்குக் காற்றுப் புகாத கூடம் வேண்டும், உயர்ந்த கூரை வேண்டும், மரத்தரை வேண்டும். இத்தனையும் வேண்டும் ஓர் ஆட்டம், கூடம் உள்ளவர்களின் ஆட்டமாகவே நெடுநாள் இருந்ததில் வியப்பில்லை.

அதன் பிறப்பும் அவ்வாறானதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புனா நகரில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் இதை ஆடினர். இங்கிலாந்தில் போபோர்ட் கோமகனின் மாளிகையான பாட்மிண்டன் இல்லத்தின் பெயர் ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. 1893-இல் இங்கிலாந்தில் சங்கம் அமைந்தது. 1899-இல் தொடங்கிய அகில இங்கிலாந்துப் போட்டியில் முதலாண்டு முதலே பெண்களும் ஆடினர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்நாளில் பல ஆட்டங்கள் பெண்களுக்கு அடைத்துக் கிடந்தவை. 1934-இல் உலகச் சம்மேளனம் அமைந்தது. ஒலிம்பிக்கில் முழுப் பதக்க ஆட்டமாக இது சேர்ந்தது 1992-இல் பார்சிலோனாவில்தான். சாய்னா நேவால் 2012-இல் இலண்டனில் வெண்கலமும், சிந்து 2016-இல் ரியோவில் வெள்ளியும் பெற்ற பின்னர் இந்திய வீடுகளில் பெண் குழந்தையின் கையில் மட்டை கொடுக்கும் பெற்றோர் பெருகினர்.

கூடம் உள்ளவர்களின் ஆட்டம் என்றேனே, அந்தக் கூற்றை உடைத்த ஒரு பெண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தாய்லாந்து நாட்டில் ரட்சனோக் இந்தனோன் என்று ஒரு வீராங்கனை. அவருடைய பெற்றோர் பாங்காக்கில் ஓர் இனிப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். கொதிக்கும் பாகுக் கொப்பரைகளுக்கிடையே குழந்தைகள் ஓடித் திரிவது ஆபத்து என்று கருதி, தொழிற்சாலை உரிமையாளரான கமலா தோங்கோர்ன் அம்மையார் அவர்களை இறகுப்பந்துக் களத்துக்கு அனுப்பினார். அவ்வாறு ஒதுக்கி வைக்கப்பட்ட குழந்தைகளுள் ஒருத்தி 2009, 2010, 2011 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக இளையோர் பட்டம் வென்றாள். 2013-இல் தம் பதினெட்டாம் வயதில் சீனாவின் குவாங்சௌ நகரில், ஒலிம்பிக் வாகையரான லீ சுவேருயியை வென்று உலக வாகையர் ஆனார். 2016-இல் உலக வரிசையில் முதலிடம் பெற்றார். களம் பக்கத்தில் இருந்தது, அதனுள் நுழைய ஒருவர் இடம் கொடுத்தார். இவ்விரண்டும் இல்லாவிடில் அந்தத் திறமை சர்க்கரைப் பாகின் அருகிலேயே இருந்து முடிந்திருக்கும்.

எனக்கு ஒரு பழைய நினைவு வருகிறது. இந்தக் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் நான் படித்த பள்ளியில் என்னோடு ஒருவர் படித்தார். இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு ஒரு கை சூம்பியிருந்தது. மாலைதோறும் பூப்பந்து ஆடுவோம். அவரை ஆட்டத்தில் சேர்த்ததே இல்லை. எண்ணிக்கை சொல்லும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தோம். அதை நாங்கள் பெரிய உபகாரம் என்று நினைத்துக் கொண்டோம். எங்கள் ஒவ்வொருவருடைய பலவீனமும் அவருக்குத் தெரியும். யார் பின்கோட்டில் தடுமாறுவார், யார் இடப்பக்கம் வந்த பந்தை விட்டுவிடுவார் என்பதை அவர் சொல்லக் கேட்டு நாங்கள் வென்ற நாட்கள் உண்டு. ஆசிரியரும் அவரை ஆடச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவருக்குச் சமமான எதிராளி யார், எந்த விதியின்படி ஆடுவது என்று எவருக்கும் தெரியாது. அப்படி ஒரு விதி உலகில் எங்கேனும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த விதி உண்டான கதைதான் இனி நான் சொல்லப் போவது. இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு அடிபட்ட வீரர்களுக்காக இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரின் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1948-இல் ஒரு சிறு வில்வித்தைப் போட்டி நடத்தினார். நாஜி ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர் அவர். இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அதை வைத்தார். அவர் மனத்தில் இருந்த எண்ணம் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த நாள் தேர்வே சான்று. 1960-இல் ரோம் நகரில் நடந்த விழாவே முதல் பாராலிம்பிக் என்று பின்னர்க் கொள்ளப்பட்டது. 1972-இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில், போரில் குண்டடிபட்ட நம் படைவீரர் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். தமிழ்நாட்டு மக்கள் இந்த விழாவைத் திரும்பிப் பார்த்தது 2016-இல் என்பேன். கல்வராயன் மலைக்கு அப்பால் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு அவ்வாண்டு ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் பெற்றபோது, பாராலிம்பிக் என்ற சொல் நம் கிராமத்துத் தேநீர்க் கடைகளிலும் வழங்கலாயிற்று.

இறகுப்பந்து இந்த விழாவுக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. மாற்றுத் திறனாளிகளுக்கான உலக இறகுப்பந்துப் போட்டி 1998-இல் நெதர்லாந்தில் நடந்தது. 2011-இல் உலக இறகுப்பந்துச் சம்மேளனம் இந்தப் பிரிவைத் தன் பொறுப்பில் ஏற்றது. பாராலிம்பிக்கில் சேர்ப்பது என்று 2014-இல் முடிவாயிற்று. முதல் ஆட்டம் டோக்கியோ 2020 விழாவில். பெருந்தொற்றின் காரணமாக அது 2021-இல் நடந்தது. இப்பொழுது கணக்கைப் பாருங்கள். துளசிமதி பிறந்தது 2002-இல். மற்ற இருவரும் 2005-இல். இவர்கள் பிறந்தபோது இவர்களுக்கான ஒலிம்பிக் களம் ஒன்று இந்த உலகில் இல்லை. இவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோது, எங்கோ ஒரு குழுவின் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவு இவர்களுக்கு வழி திறந்தது.

அந்த விதிகள் எவ்வாறு அமைந்தன என்பதைச் சற்று விளக்குகிறேன். உடற்குறை ஒவ்வொருவருக்கும் வேறு. ஆதலால் ஆறு வகுப்புகள் வைத்தனர். சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரண்டு. காலில் குறையுள்ளவர் நின்று ஆட இரண்டு. கையில் குறையுள்ளவருக்கு ஒன்று. உயரம் குறைந்தவருக்கு ஒன்று. கையில் குறையுள்ளவர்க்கான வகுப்பு எஸ்.யு.5 எனப்படும், உயரம் குறைந்தவர்க்கானது எஸ்.எச்.6. எஸ்.யு.5 வகுப்பில் எந்தச் சலுகையும் இல்லை. முழுக்களம், அதே வலை, அதே எண்ணிக்கை.

மட்டை பிடிப்பது ஒரு கைதானே, மற்றொரு கையில் குறை இருந்தால் என்ன என்று சிலர் கேட்பர். ஒருமுறை மட்டையைப் பிடித்துப் பார்த்தவர் அப்படிக் கேளார். பந்தைத் தொடங்கி வைக்கும்போது ஒரு கை இறகைப் பிடித்து நிறுத்த, மறு கை அடிக்க வேண்டும். அந்த அடியும் தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குள் அமைய வேண்டும். விரல் நுனியில் ஒரு சிறு நடுக்கம் இருந்தாலும் பந்து வலையில் தொங்கும். தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும்போது மறு கை முன்னே நீண்டு உடலின் நிறையைத் தாங்குகிறது. தராசின் ஒரு தட்டு குறைந்தால் மறு தட்டு தாழ்வதைப் போல், அந்தக் கை சரியாக எழாவிடில் உடல் ஒருபக்கம் சாயும். சாய்ந்த உடலை மீட்டுக் களத்தின் நடுவுக்குத் திரும்ப அரை நொடி கூடுதலாகும். இறகுப்பந்தில் அரை நொடி என்பது ஒரு புள்ளி. இந்த அரை நொடியைக் கால்களால் ஈடு செய்யவே இவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாக ஓடிப் பழகுகிறார்கள்.

துளசிமதிக்கு இடக்கையில் பிறவிக்குறை. அவருடைய தந்தையார் முருகேசன் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். விளையாட்டில் தீராத பற்றுடையவர். தம் மகளுக்கு முதல் ஆசானும் அவரே. பெரிய கூடமோ, பேர் பெற்ற பயிற்சியாளரோ தொடக்கத்தில் இல்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் பயின்றுகொண்டே பன்னாட்டுப் போட்டிகளில் ஆடினார் துளசிமதி. ஆடு மாடுகளின் எலும்பும் நரம்பும் படிப்பது எளிய பாடமன்று. அதனோடு இந்தப் பயிற்சியையும் எவ்வாறு சுமந்தார் என்பதைக் கல்லூரி மாணவர்களாகிய நீங்களே எண்ணிப் பாருங்கள். சீனாவின் ஹாங்சௌ நகரில் 2023 அக்டோபரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில், இறுதியாட்டத்தில் சீன வீராங்கனை யாங் சியூஷியாவை வென்று தங்கம் பெற்றார். யாங் டோக்கியோவில் தங்கம் வென்றவர். ஆட்டமோ அவருடைய நாட்டில், அவருடைய மக்களின் ஆரவாரத்துக்கு நடுவில். அவ்விழாவில் மானசி ஜோஷியுடன் இணைந்து இரட்டையரில் வெள்ளியும் பெற்றார்.

மனிஷாவின் பாதை வேறு. பிறக்கும்போதே தோள் நரம்பு பாதிக்கப்பட்டு வலக்கையின் அசைவு குறைந்தவர். 2022-இல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில், ஜப்பானிய வீராங்கனை மாமிகோ டொயோடாவை 21-15, 21-15 என்று வென்று உலக வாகையர் ஆனபோது அவருக்கு வயது பதினேழு. ரட்சனோக் பெற்ற வயதைவிட ஒன்று குறைவு. அவ்வாண்டின் சிறந்த பாரா இறகுப்பந்து வீராங்கனை என்ற விருதை உலகச் சம்மேளனம் அவருக்கே வழங்கியது. அவர் வென்ற செய்தி நம் ஊர்களில் எத்தனை பேர் செவிக்கு எட்டியது? பதினெட்டு வயது தாய்லாந்துப் பெண் வென்றதை அந்நாடு முழுவதும் கொண்டாடியது. பதினேழு வயதுத் தமிழ்ப் பெண் வென்றதை நாம் ஒரு பத்திச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம்.

பாரிஸுக்கு இருவரும் ஒரே வகுப்பில் ஆடச் சென்றனர். கால் இறுதியில் மனிஷா மீண்டும் டொயோடாவை வென்றார். அதன் பின் அட்டவணை தன் கொடுமையைக் காட்டியது. அரை இறுதியில், வலைக்கு ஒருபுறம் துளசிமதி, மறுபுறம் மனிஷா. இறுதியாட்டத்துக்குத் தமிழ்ப் பெண் ஒருவர் செல்வது உறுதி; தமிழ்ப் பெண் ஒருவர் செல்லாததும் உறுதி. ஒருவர் ஆட்டத்தை ஒருவர் நன்கறிந்தவர்கள். தெரியாத எதிராளியிடம் பயன்படும் சூழ்ச்சி எதுவும் இங்கே பயன்படாது. முதல் ஆட்டம் இருபதைக் கடந்து நீண்டது. இருபதுக்கு இருபது ஆனபின் இரண்டு புள்ளி முந்த வேண்டும் என்பது விதி. 23-21 என்று துளசிமதி அதை வென்றார். இரண்டாம் ஆட்டம் 21-17.

அன்றிரவு என் பழைய பள்ளித் தோழர் தொலைபேசியில் அழைத்தார். எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தவர்தாம். அவர் நலம் விசாரிக்கவில்லை, மகிழ்ச்சி என்றும் சொல்லவில்லை. "இருபத்து மூன்று, இருபத்தொன்று" என்றார். பின்பு சற்று நிறுத்தி, "அந்தத் திருவள்ளூர்ப் பெண் நாளைக்கு விடமாட்டாள், பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொன்னது பொய்க்கவில்லை. மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரேனை 21-12, 21-8 என்று மனிஷா வீழ்த்தினார். அரை இறுதியில் தோற்றவர் அடுத்த நாள் ஆடும் ஆட்டம் மிகக் கடினமானது என்பதை விளையாடியவர்கள் அறிவர். கால் களத்தில் இருக்கும், மனம் நேற்றைய புள்ளிகளில் இருக்கும். பத்தொன்பது வயதில் மனத்தை ஒரே இரவில் திருப்பிக்கொண்டு வந்தாரே, அந்த வெண்கலத்தை நான் வெள்ளிக்குக் குறைத்து மதிப்பிட மாட்டேன். இறுதியாட்டத்தில் துளசிமதியை எதிர்கொண்டவர் மீண்டும் யாங் சியூஷியா. ஹாங்சௌவில் இழந்ததை அவர் மறக்கவில்லை. 21-17, 21-10 என்று வென்று, டோக்கியோவில் பெற்ற தங்கத்தைத் தக்க வைத்துக்கொண்டார். முதல் ஆட்டத்தில் துளசிமதி நெருங்கி நின்றார். இரண்டாவதில் யாங் இடம் கொடுக்கவில்லை. அதை மழுப்ப வேண்டியதில்லை. அன்று சிறப்பாக ஆடியவர் யாங்.

நித்யஸ்ரீயின் ஆட்டம் உயரம் குறைந்தோர் வகுப்பில். 2016-இல் ரியோ ஒலிம்பிக் ஆட்டங்களைக் கண்டு இறகுப்பந்தின்மேல் ஆசை கொண்டவர் அவர். வலையின் உயரம் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே அவர் தலைக்கு மேலே வரும் பந்துகள் மற்றவருக்குத் தோளளவில் வருபவை. அரை இறுதியில் சீனாவின் லின் ஷுவாங்பாவோவிடம் தோற்றார். சிவராஜன் சோலைமலையுடன் இணைந்து ஆடிய கலப்பு இரட்டையரிலும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தோனேசிய இணையிடம் தோல்வி. அந்த இணையில் இருந்த ரினா மர்லினாவே ஒற்றையர் வெண்கல ஆட்டத்தில் அவருக்கு எதிராளி. இம்முறை 21-14, 21-6. இரண்டாம் ஆட்டத்தில் எதிராளிக்குக் கிடைத்தவை ஆறே புள்ளிகள்.

டோக்கியோவில் இறகுப்பந்தில் இந்தியா பெற்ற நான்கு பதக்கங்களும் ஆடவருடையவை. பாராலிம்பிக் இறகுப்பந்தில் இந்தியப் பெண்கள் பதக்கம் பெற்றது பாரிஸில்தான் முதன்முறை. அந்த முதன்முறையில் மூவரும் தமிழ்நாட்டவர். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகாவையும் இங்கே நினைக்க வேண்டும். செவித்திறன் அற்றோருக்கான விழா பாராலிம்பிக்கிலிருந்து தனித்தது. 1924 முதல் நடப்பது. பிரேசிலில் 2022 மே மாதத்தில் நடந்த அவ்விழாவில் ஜெர்லின் மூன்று தங்கம் பெற்றார். மட்டையில் இறகு படும் ஓசையைக் கேட்டே அடியின் வேகத்தை முன்னறிவர் நல்ல ஆட்டக்காரர்; அந்த ஓசையின்றிக் கண் ஒன்றினாலேயே அதை அறிபவர் அவர். 2022-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது ஜெர்லினுக்குக் கிடைத்தது.

பாரிஸிலிருந்து திரும்பியவர்களுக்குத் தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் தலா 1 கோடி ரூபாயும் வழங்கியது. 2025 ஜனவரி 17-ஆம் நாள் புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் நடந்த விழாவில் தேசிய விளையாட்டு விருதுகள் அளிக்கப்பட்டன. அவ்வாண்டின் அர்ஜுனா விருதுப் பட்டியலில் துளசிமதி முருகேசன், நித்யஸ்ரீ சிவன், மனிஷா ராமதாஸ் என்னும் மூன்று பெயர்களும் இருந்தன.